சபை வாலிபர்களைப் பாலைவன முகாமுக்கு அழைத்துப் போகிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

துபாயில் எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தோடு மூன்று டிசம்பர்கள் லிவாவுக்குப் போய் வந்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: நிகழ்ச்சிகளைப் பாதியாகக் குறையுங்கள், தலை எண்ணுவதை இரண்டு மடங்காக்குங்கள்.

லிவா, ரப் அல் காலி என்னும் பெரும் மணற்காட்டின் விளிம்பு. பரப்பில் அந்த மணற்காடு தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு. முதல் வருடம் 22 பிள்ளைகள், ஐந்து வண்டிகள். வேத வினாடி வினா, குழு விளையாட்டு, நாடகம் என்று நள்ளிரவு வரை நேரம் பிரித்து எழுதி வைத்திருந்தோம். வினாடி வினா சூடு பிடித்திருந்தபோது பதினாறு வயதுப் பையன் ஒருவன் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கப் போனான். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அவனுடைய தம்பிதான் வந்து, “அண்ணன் எங்கே?” என்று கேட்டான்.

கூப்பிட்டால் கேட்கும் என்றுதான் நினைத்தோம். நடுவில் ஒரு மேடு இருந்தால் குரல் அங்கேயே அமுங்கிப்போகிறது. காற்று வீசிக்கொண்டிருந்ததால் காலடித் தடமும் அழிந்துவிட்டது. கடைசியில் ஓர் அண்ணன் வண்டியை மேட்டின் உச்சிக்கு ஏற்றி, விளக்கை எரியவிட்டார். அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பையன் நடந்து வந்தான். நாற்பது நிமிடங்கள். வழி தெரியவில்லை என்றதும் அலையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டிருக்கிறான். அதுதான் அவனைக் காப்பாற்றியது. காலியான தண்ணீர் பாட்டிலை அவன் விடாமல் பிடித்திருந்தான். விரல்களைப் பிரித்து எடுத்தேன், ஐஸ்கட்டியாக இருந்தன.

அடுத்த வருடத்திலிருந்து பத்தடிக் குழாயின் நுனியில் விளக்கைக் கட்டி, பக்கத்து மேட்டின் உச்சியில் நட்டுவிடுகிறோம். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு விசில். எங்கே போனாலும் இரண்டு பேராகத்தான். மணிக்கு ஒரு முறை ஆள்கணக்கு.

குளிரைச் சொல்ல வேண்டும். பாலைவனம் என்றதும் பெற்றோர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கொடுத்தனுப்புகிறார்கள், ஸ்வெட்டரை மறந்துவிடுகிறார்கள். விடியற்காலையில் பத்து டிகிரி வரை இறங்கும். பனி இறங்கிக் கூடாரத் துணியிலிருந்து சொட்டும். மணலில் கூடார முளை நிற்காது; பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதையுங்கள். மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 15 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறையுங்கள், திரும்பி நிரப்பப் பம்ப் வேண்டும். நெருப்பை இரும்புத் தட்டில்தான் மூட்ட வேண்டும். மணலைப் போட்டு மூடிய தணல் அணைந்ததுபோலத்தான் தெரியும், அடியில் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்கு அதைவிட ஆபத்து வேறில்லை. விறகைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் நிற்கும் காஃப் மரத்தின் கிளையைத் தொடக்கூடாது. அது இந்நாட்டின் தேசிய மரம். நம்மூரில் வன்னி என்கிறோமே, அதே மரம்.

ஆராதனையைக் கிளம்பும் முன் ஆலய வளாகத்திலேயே முடித்துவிடுங்கள். வழிபாட்டுக்கு அனுமதி பெற்ற இடங்கள் இங்கே தனியாக இருக்கின்றன. நமக்கு இடம் கொடுத்த நாட்டின் ஒழுங்கை மதிப்பதைப் பிள்ளைகளும் பார்க்கட்டும். முகாமிடுவதற்கு அனுமதி உள்ள இடமா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வருடம் நிகழ்ச்சி நிரலையே தூக்கி எறிந்தோம். அமாவாசையை ஒட்டித் தேதி குறித்து, எல்லோரையும் அருகருகே உட்காரவைத்து, மேட்டு விளக்கு தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் அணைத்தோம். முதல் பத்து நிமிடங்கள் கிசுகிசுப்பும் சிரிப்பும். பிறகு அதுவும் அடங்கியது. நள்ளிரவு நெருங்கும்போது தெற்கே தாழ்வாக ஒரு பெரிய நட்சத்திரம் வந்து நின்றது. அரபிகள் அதை சுஹைல் என்பார்கள். கோடையின் கடைசியில் விடியலில் அது தென்பட்டால் வெயில் தணியும் என்பது அவர்கள் கணக்கு. நாம் அதற்கு அகத்தியர் பெயரை வைத்திருக்கிறோம். ஷார்ஜாவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண் என் கையைச் சுரண்டி, “அங்கிள், இவ்வளவும் நம்ம வீட்டுக்கு மேலேயும் இருக்கிறதா?” என்று கேட்டாள்.

காணாமல்போன அந்தப் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். சென்ற டிசம்பரிலும் வந்தான். வண்டி நின்றதும் கூடாரத்தை எடுக்கவில்லை. குழாயையும் விளக்கையும் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக மேட்டில் ஏறினான்.