குப்பைமேட்டிலிருந்து வீட்டுக்கு: மடகாஸ்கர் பணி பற்றி வாசகர் கேள்விகள்

மடகாஸ்கரின் தலைநகர் அந்தனானரிவோவில், குப்பைமேட்டிலும் தெருவிலும் வாழ்ந்த குடும்பங்களுக்காக நடக்கும் கத்தோலிக்கப் பணியைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். கட்டுமானம், கழிப்பறை, பத்திரம் பற்றித்தான் பலரும் கேட்டிருக்கிறார்கள். அது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இந்தப் பணியைத் தொடங்கியவர் யார்? எத்தனை பேர் பயன் பெறுகிறார்கள்?
வாசகி, தூத்துக்குடி

அருட்தந்தை பெத்ரோ ஓபெக்கா. 1948இல் அர்ஜென்டினாவில், ஸ்லோவேனியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தை கொத்தனார். மகனும் சிறுவயதிலேயே கொத்துக்கரண்டி பிடிக்கப் பழகியவர். புனித வின்சென்ட் தெ பால் நிறுவிய துறவற சபையைச் சேர்ந்த இவர் 1975இல் குருவாகி, மடகாஸ்கரின் தென்கிழக்கில் நெல்வயல் சூழ்ந்த வாங்காயின்ட்ரானோவில் பங்குப்பணி செய்தார். 1989இல் தலைநகருக்கு வந்தபோது, ஆந்த்ராலானித்ரா குப்பைமேட்டில் பிள்ளைகள் பன்றிகளோடு போட்டியிட்டு உணவு பொறுக்குவதைப் பார்த்தார். அதே ஆண்டு அக்காமாசோவா அமைப்பு பிறந்தது. இன்று ஏறத்தாழ இருபது குடியிருப்புகளில் 25,000க்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். பள்ளி, மருந்தகம், கல்குவாரி, தச்சுப்பட்டறை எல்லாம் அங்கேயே உண்டு. 2019 செப்டம்பர் 8 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் நேரில் சென்றார்.

இந்தச் சபைக்கும் அந்தத் தீவுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. புனித வின்சென்ட் தம் குருக்களை மடகாஸ்கருக்கு அனுப்பிவைத்தது 1648இல்.

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஓர் எளிய வீடு கட்ட என்னென்ன, எவ்வளவு தேவை? தோராயக் கணக்காவது தாருங்கள்.
கட்டட மேற்பார்வையாளர், மதுரை

மனிதநேயப் பணியில் உலகெங்கும் பின்பற்றப்படும் குறைந்தபட்ச அளவு, தலைக்கு 3.5 சதுர மீட்டர் மூடிய இடம். ஐந்து பேருக்கு 17.5. ஆகவே உள்ளளவு 5 மீட்டருக்கு 3.6 மீட்டர், அதாவது 18 சதுர மீட்டர் வைத்துக்கொள்வோம். ஒரு கதவு, இரண்டு சன்னல், 2.5 மீட்டர் உயரச் சுவர், இரு பக்கமும் 1.2 மீட்டர் உயர முக்கோணச் சுவர்.

செங்கல் 22 × 10 × 6 செ.மீ. என்றால், முழுக்கல் கனச் சுவருக்கு (22 செ.மீ. கனம்) ஒரு சதுர மீட்டருக்கு 124 கல். மொத்தம் 5,750. உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்து 6,300 வாங்குங்கள். 1:6 கலவைக்கு (ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல்) சிமெண்ட் 14 மூட்டை, மணல் மூன்று கனமீட்டர். 40 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழத்தில் வானம் (அடித்தளப் பள்ளம்) தோண்டிக் கருங்கல் கட்டி, அதைத் தரைக்கு மேல் 30 செ.மீ. உயர்த்த ஆறரை கனமீட்டர் கட்டுவேலை. அதற்கு 11 மூட்டை. சுவரின் உச்சியைச் சுற்றிவரும் கம்பி வைத்த பெல்ட் கான்கிரீட்டுக்கு 4, தரைக்கு 4. வீணாவதையும் சேர்த்தால் 35 மூட்டை, பூச்சு இல்லாமல். பெல்ட்டுக்கு 10 மி.மீ. கம்பி நான்கு ஓட்டமாக 80 மீட்டர், ஏறக்குறைய 50 கிலோ. 6 மி.மீ. வளையம் 20 செ.மீ.க்கு ஒன்றாக 90. இந்தக் கணக்கு ஒற்றைத் தளத்துக்கு மட்டுமே. அக்காமாசோவாவில் மாடி வீடுகளும் உண்டு. அவற்றுக்குத் தூணும் தளமும் தனியாகக் கணக்கிட வேண்டும்.

தலைநகர் அமைந்துள்ள மேட்டுநிலத்தில் களிமண் கலவையால் கட்டுவது பழைய வழக்கம், தவறும் அல்ல. முதல் ஆறு செங்கல் வரிசையையும், பெல்ட்டுக்குக் கீழே மூன்று வரிசையையும், முக்கோணச் சுவரையும் சிமெண்டால் கட்டி, நடுவில் களிமண் வைத்தால் ஒன்பது மூட்டை மிச்சமாகும். ஆனால் அடிப்பாகத்தில் மட்டும் களிமண் வைக்கக் கூடாது. நவம்பர் முதல் மார்ச் வரை கொட்டும் மழை தரையில் பட்டுத் தெறித்துத் தெறித்து இணைப்பைக் கரைத்துவிடும். மூன்றாவது மழைக்காலத்தில் சுவர் வெளியே சாயும்.

செங்கல்தான் அடிக்கடி ஏமாற்றும். அறுவடைக்குப் பிறகு நெல்வயல் மண்ணை அறுத்துக் காயவைத்து, திறந்த சூளையில் சுடுகிறார்கள். சூளையின் வெளிவரிசைக் கல் வேகாது. விலை மலிவு என்று அதையே லோடு லோடாக அனுப்புவார்கள். இரண்டு கல்லை மோதினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். இடுப்புயரத்திலிருந்து மண்ணில் போட்டால் உடையக் கூடாது. எடை பார்த்து 24 மணி நேரம் ஊறவைத்து மீண்டும் நிறுத்தால், எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. கூடினால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். கட்டும் முன் கல்லை நனைக்காமல் வைத்தால் அது கலவையின் ஈரத்தை உறிஞ்சி, இணைப்பு பொடியாகும். கட்டிய பின் ஏழு நாள் நீராற்ற வேண்டும், அதாவது தண்ணீர் ஊற்றி ஈரமாகவே வைக்க வேண்டும். தண்ணீரைக் குடத்தில் சுமக்கிற இடத்தில் இந்த ஏழு நாள்தான் முதலில் குறையும். எனவே தண்ணீர் சுமக்க ஓர் ஆளுக்குக் கூலியை மதிப்பீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

கூரைக்குத் தகரம். சரிவு 30 பாகை, தாழ்வாரம் வெளியே 30 செ.மீ.க்கு மேல் நீளக் கூடாது. நீண்டால் காற்று அடியில் புகுந்து தூக்கும். உத்தரத்தைச் சுவரின் மேல் சும்மா வைத்துவிடாமல், பெல்ட் கான்கிரீட் போடும்போதே கம்பியை அதில் பதித்து, உத்தரத்தின் மேலாகச் சுற்றி வளைக்க வேண்டும். ஆணிக்குப் பதில் வாஷர் வைத்த திருகு. முகட்டிலும் தாழ்வாரத்திலும் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒன்று, நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று.

மலைச்சரிவில் வீடு கட்டுகிறார்களே, மண் சரியாதா?
வாசகர், குன்னூர்

சரியும். 2022 ஜனவரியில் கனமழையும் ஆனா புயலும் சேர்ந்து அந்தனானரிவோவில் வீடுகளைச் சரித்து உயிர்களைக் கொண்டுபோயின. உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சரிவை வெட்டித் தளம் அமைத்தால், வெட்டிய மண்சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரமாவது வீடு தள்ளி நிற்க வேண்டும். வெட்டியெடுத்த மண்ணை முன்பக்கம் கொட்டி அதன்மேல் ஒரு மூலையும் வரக் கூடாது. மேற்பக்கம் குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி மழைநீரைத் திருப்புங்கள். பழைய குப்பை நிரம்பிய நிலத்தில் எதுவுமே கட்டாதீர்கள். அது பல ஆண்டுகள் அமுங்கிக்கொண்டே இருக்கும், உள்ளே எரிவாயுவும் உண்டாகும்.

கழிப்பறை?
செவிலியர், திருச்சி

ஒரு வீட்டுக்கு ஒன்று என்பதே நல்லது. தற்காலிக முகாமிலும் இருபது பேருக்கு ஒன்றாவது வேண்டும், நடக்கும் தூரம் 50 மீட்டருக்குள். ஒரு மீட்டர் விட்டம், மூன்று மீட்டர் ஆழக் குழி என்றால், மேலே அரை மீட்டர் விட்டு, ஐந்து பேருக்கு ஆறு ஆண்டு தாங்கும். கிணற்றிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கட்டும். குழியின் அடி நிலத்தடி நீருக்கு ஒன்றரை மீட்டராவது மேலே இருக்கட்டும். கோடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மழைக்கால நீர்மட்டம் வேறு.

நீங்கள் செவிலியர் என்பதால் இன்னொன்று. மடகாஸ்கரின் மேட்டுநிலத்தில் பிளேக் இன்றும் உண்டு. 2017இல் பெரிதாகப் பரவியது. எலியும் அதன் தெள்ளுப்பூச்சியும் வீட்டுக்குள் வராமல் தடுப்பதும் கட்டுமான வேலையே. சுவருக்கும் தகரத்துக்கும் இடையே விரலிடுக்கு விடாமல் அடைப்பது, தரையைக் கான்கிரீட்டாகப் போடுவது, அரிசியை மூடியுள்ள டின்னில் வைப்பது. எலி திடீரென்று செத்து விழுந்தால் கையால் தொடாமல் உடனே மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். எலியை மட்டும் கொன்றால் தெள்ளு மனிதர்மேல் தாவும், ஆகவே தெள்ளு மருந்துதான் முதலில்.

ஏழைகளிடம் வேலை வாங்கிக்கொண்டு வீடு தருவது அன்புப் பணியா? இலவசமாகக் கொடுத்தால் என்ன?
ஆசிரியர், பாளையங்கோட்டை

குழந்தைகள், முதியோர், நோயாளிகள் ஆகியோருக்கு இலவசமாகவே கொடுக்க வேண்டும். உடல் திடமுள்ளவரைத் தொடர்ந்து கையேந்த வைப்பது அவரைச் சிறுமைப்படுத்துவது என்று ஓபெக்கா அடிகளார் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார். எங்கள் கருத்தும் அதுவே. வேலையும் பள்ளியும் ஒழுங்கும் அக்காமாசோவாவின் அடிப்படை. குடியிருப்பு மக்கள் கூடி வகுத்துக்கொள்ளும் 'தீனா' என்ற ஊர்க்கட்டுப்பாடு அந்த நாட்டுச் சட்டமும் ஏற்ற பழைய முறை. திருட்டு, அடிதடி, குடித்துவிட்டுத் தகராறு போன்றவற்றை ஊரே விசாரிக்கும்.

ஆனால் வேலை தருவதிலும் தவறுகள் நேரும். தெருவிலிருந்து வந்த குடும்பத்துக்குக் கையிருப்பு என்று ஒரு காசும் இருக்காது. மாதச் சம்பளம் என்றால் முதல் வாரமே வட்டிக்கு வாங்கிவிடுவார்கள். முதலில் அன்றாடக் கூலி, பிறகு வாரக் கூலி, அதன்பின் மாதம் என்று மாற்றுங்கள். குவாரியில் கருங்கல்லைச் சுத்தியால் உடைத்து ஜல்லியாக்கும் வேலையில் பெரும்பாலும் பெண்கள். கருங்கல் தூசி நுரையீரலில் தங்கி ஆண்டுகள் கழித்து மூச்சைப் பிடிக்கும். முகத்தில் கட்டும் துணி அந்த நுண்தூசியைத் தடுக்காது. கல்லை நனைத்து உடைப்பது, காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்வது, கண்ணாடி அணிவது மூன்றும் கட்டாயம். தாய் உடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கைக்குழந்தையைக் கிடத்தக் கூடாது. குழந்தைகள் காப்பகம் குவாரியிலிருந்து தள்ளி, வேலை தொடங்கும் நேரத்துக்கு முன்பே திறந்திருக்க வேண்டும்.

வீடு பெற ஞானஸ்நானம் பெற வேண்டுமா?
வாசகர், கோவை

வேண்டியதில்லை, அப்படி நிபந்தனை வைக்கவே கூடாது. 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் பல தொண்டு நிறுவனங்களும் வகுத்த நடத்தை விதி, உதவியை ஒரு சமயக் கருத்தை வளர்க்கக் கருவியாக்கக் கூடாது என்கிறது. பெரிய கத்தோலிக்க, புரோட்டஸ்டண்ட் உதவி அமைப்புகள் அதில் கையெழுத்திட்டுள்ளன. அக்காமாசோவாவின் மனந்தெனாசோவா குடியிருப்பில் ஞாயிறு திருப்பலிக்கு ஆயிரக்கணக்கானோர் திரளுகிறார்கள், உண்மைதான். அவர்கள் தாமாக வருகிறவர்கள். பயனாளிப் படிவத்தில் மதம் என்ற கட்டமே வேண்டாம்.

எங்கள் பங்கு இளையோர் பன்னிரண்டு பேர் இரண்டு வாரம் சென்று வீடு கட்ட விரும்புகிறோம்.
இளையோர் இயக்கம், நாகர்கோவில்

உங்கள் ஆர்வம் எங்களைத் தொடுகிறது. ஆனாலும் போக வேண்டாம் என்றே சொல்வோம். அங்கே கொத்தனாரும் சித்தாளும் ஏராளம், குறைவது கூலி கொடுக்கப் பணம்தான். பன்னிரண்டு விமானப் பயணச்சீட்டுக்கான தொகையில் உள்ளூர்க்காரர்கள் பல மாதம் வேலை செய்வார்கள். அனுபவமில்லாதவர் கட்டும் சுவரைப் பின்னால் பிரித்துக் கட்ட வேண்டியும் வரும். உங்களில் வெல்டிங், மின்வேலை, நிலஅளவை போன்ற தொழில் கற்பிக்கத் தெரிந்தவர், பிரெஞ்சு அல்லது மலகாசி மொழி படித்துக்கொண்டு ஆறு மாதமாவது தங்க முடிந்தால், அங்குள்ளவர்கள் கேட்டால் போகலாம். பழைய துணி அனுப்புவதும் இதே கணக்குதான். கப்பல் கட்டணமும் சுங்கமும் துணியின் மதிப்பை விழுங்கிவிடும். தெருவில் துணி விற்றுப் பிழைக்கும் பெண்ணின் வியாபாரமும் கெடும்.

பணமாக அனுப்ப முடியுமா?
வாசகி, சென்னை

தனிநபர் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணஅனுப்புத் திட்டத்தின்கீழ், நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரம்புக்குள், வங்கி வழியாக நன்கொடை அனுப்பலாம். 80ஜி வரிச்சலுகை கிடைக்காது. அது இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளுக்குக் கொடுப்பதற்கு மட்டுமே. பங்கு அறக்கட்டளைக் கணக்கிலிருந்து நேரே வெளிநாட்டுக்கு அனுப்பினால் அறக்கட்டளையின் வரிவிலக்குக்கே சிக்கல் வரலாம், முதலில் ஆடிட்டரிடம் பேசுங்கள். உங்கள் பங்கில் பொதுநிலையினரின் புனித வின்சென்ட் தெ பால் சபை இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். உலக வின்சென்டியக் குடும்பம் வீடற்றோருக்காக '13 வீடுகள்' என்ற இயக்கத்தை நடத்துகிறது. பிரெஞ்சு அரசர் பதின்மூன்றாம் லூயி தந்த கொடையில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகப் புனித வின்சென்ட் பாரிஸில் கட்டிய 13 வீடுகளின் நினைவாக வந்த பெயர் அது.

வீட்டைக் கொடுத்த பிறகு குடும்பம் அதை விற்றுவிட்டு மீண்டும் தெருவுக்குப் போகாமல் இருக்க என்ன வழி?
வாசகர், வேளாங்கண்ணி

முதலில், பத்திரம். 2005 நிலச் சீர்திருத்தத்துக்குப் பிறகு மடகாஸ்கரில் உள்ளாட்சியின் நில அலுவலகமே நிலச் சான்றிதழ் தரலாம். ஆனால் அரசு நிலத்துக்கும், ஏற்கெனவே பட்டா பதிவான நிலத்துக்கும் அது செல்லாது. அடிக்கல் போடும் முன்பே அந்த அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள். கட்டி முடித்த பிறகு உரிமையாளர் வந்து நிற்கிற வேதனை வேண்டாம். எழுத்து ஆவணத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கட்டும். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் சண்டை வந்த நாளில் மனைவியும் பிள்ளைகளும் வெளியே நிற்பார்கள். முதல் சில ஆண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, விட்டுப் போனால் வீடு ஊர்ப் பொதுவுக்கே திரும்பும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, குடும்பத்துக்கு மலகாசி மொழியில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டாவது, பிறப்புச் சான்றிதழ். தெருவில் பிறந்த பிள்ளைகள் பலருக்கு அது இல்லை. அது இல்லாமல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுத முடியாது. காலம் கடந்த பிறப்பைப் பதிய நீதிமன்ற ஆணை வேண்டும், சாட்சிகளும் வேண்டும். ஒவ்வொரு குடும்பமாக அலையாமல் ஊர்ப் பிரிவுத் தலைவரை வைத்துப் பட்டியல் தயாரித்து மொத்தமாக மனுச் செய்தால் செலவு குறையும். பள்ளி தொடங்க ஆறு மாதம் முன்பே ஆரம்பியுங்கள்.

மூன்றாவது, வேலை செய்யும் இடத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம். குப்பை பொறுக்கிப் பிழைத்தவரை நகரத்துக்கு வெளியே வெகுதூரத்தில் குடிவைத்து, அங்கே வேலை எதுவும் ஏற்பாடு செய்யாவிட்டால், எந்த ஒப்பந்தமும் அவரைக் கட்டி வைக்காது. பழைய மேட்டுக்கே நடந்து போவார், போய்த்தான் ஆக வேண்டும். குடியேறும் நாளன்றே பெரியவர் ஒருவருக்காவது வேலையும், பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதிய உணவும் உறுதியாகாத வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.