இட்லியை விட்டால் அரிப்பு போகுமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் மீன் விற்கிறேன், வயது 48. மார்புக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் சிவந்து அரிக்கிறது. மெடிக்கலில் கொடுத்த ஆயின்மெண்ட் போட்டால் அடங்குகிறது, விட்டால் மறுபடி வருகிறது. உடம்பெல்லாம் ஈஸ்ட் ஏறிவிட்டது, புளித்த மாவை நிறுத்து என்கிறார் என் நாத்தனார். நிறுத்தணுமா?

பதில்: வேண்டாம், தாராளமாக இட்லி சாப்பிடுங்கள். மாவைப் புளிக்க வைப்பது பெரும்பாலும் பாக்டீரியா, கூடக் கொஞ்சம் ஈஸ்ட், எல்லாமே ஆவியில் வேகும்போது செத்துவிடும். உங்களைப் படுத்துவது அநேகமாக கேண்டிடா என்கிற ஈஸ்ட். பலருடைய வாயிலும் குடலிலும் எப்போதும் இருப்பதுதான், ஈரமும் சர்க்கரையும் கிடைத்தால் பெருகிவிடும். நிஜமாகவே ரத்தத்தில் கேண்டிடா கலந்தால் அது ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கிற நோய், பத்தியத்தில் தீர்கிற விஷயமே இல்லை.

கண்ணாடி முன் நின்று மடிப்பை விரித்துப் பாருங்கள். உள்ளே தோல் வெளுத்து ஊறிப்போய், சிவப்புத் திட்டைத் தாண்டி வெளியே குண்டூசித் தலை அளவில் தனித்தனியாகச் செம்புள்ளிகள் தெரிந்தால் கேண்டிடாதான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். வட்டமாகப் படர்ந்து, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்திருந்தால் படர்தாமரை, அது வேறு பூஞ்சை.

அப்புறம் அந்த டியூபைப் படியுங்கள். கிளோபிட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் ஸ்டீராய்டு. அது சிவப்பை அமுக்கிவிட்டு பூஞ்சையை வளர விடும், மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து வரிவரியாகிவிடும், இதைச் சீட்டே இல்லாமல் எடுத்துக் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. குளோட்ரிமசோல் 1 சதவீதம் மட்டும் உள்ள கிரீமை வாங்கி, காலையும் இரவும், அரிப்பு நின்றாலும் நிறுத்தாமல் 2 வாரம் போடுங்கள். ஐஸ் தண்ணீரில் நனைந்த பாவாடையோடு மதியம் வரை உட்கார வேண்டாம், மாற்றுப் பாவாடை ஒன்று கூடையிலேயே இருக்கட்டும். குளித்ததும் மடிப்பை ஒற்றித் துடையுங்கள், டெட்டால் வேண்டாம்.

இது திரும்பத் திரும்ப வருவதால் சர்க்கரையைக் கட்டாயம் பாருங்கள். மூன்று மாத சராசரியைக் காட்டும் HbA1c ரத்தப் பரிசோதனையில் 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் வந்தால் சர்க்கரை நோய்தான், அதைக் கட்டுக்குள் கொண்டுவராமல் எந்த கிரீமும் நிலைக்காது. ஏற்கெனவே டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அது சிறுநீரில் சர்க்கரையை இறக்குவதால் பிறப்புறுப்பில் பூஞ்சை வரலாம். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

2 வாரத்தில் குறையவில்லையென்றால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போய்த் தோல் டாக்டரைப் பாருங்கள். தோலை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய டியூபையும் எடுத்துப் போங்கள், அன்று காலை மட்டும் எதுவும் தடவாமல் போங்கள்.