48 மணித்தியாலம் இந்தப் பக்கம் வராத எண்டு மகனுக்குப் பொலிஸ் பேப்பர் குடுத்தால் என்ன செய்யிறது?

லண்டன்ல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறா. 15 வயசு மகன் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நாலைஞ்சு பொடியங்களோட சிக்கன் கடை வாசல்ல நிண்டிருக்கிறான், பொலிஸ் வந்து கையில ஒரு பேப்பரைக் குடுத்து ஞாயிறு பின்னேரம் வரை இந்தப் பக்கம் வரக்கூடாது எண்டு அனுப்பிப்போட்டினம். சனிக்கிழமை தமிழ் வகுப்பு அதே ரோட்டில, அம்மம்மா வீடும் அங்கதான். அனுப்பலாமோ, ரெக்கோட்டில வருமோ, எதிர்த்துக் கேக்கலாமோ எண்டு கேக்கிறா.

அக்கா, முதல்ல பொடியனைப் பேசுறதை நிப்பாட்டிப்போட்டு அந்தப் பேப்பரை வாங்கி வாசியுங்கோ. அது அரெஸ்டும் இல்லை, ஃபைனும் இல்லை, கோட்டுக்கு வரச்சொல்லுற கடிதமும் இல்லை. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2014ல வந்த சமூக விரோத நடத்தைச் சட்டத்தில செக்ஷன் 35 எண்டு ஒண்டு இருக்கு, அதில குடுக்கிற டிஸ்பர்சல் உத்தரவு, அதாவது இடத்தை விட்டுக் கலைஞ்சு போகச்சொல்லுற உத்தரவு இது. முந்தி 2003 சட்டத்தில சூப்பரின்டென்டன்ட் கையெழுத்து வேணும், கவுன்சிலும் ஓம் எண்டோணும், ரெண்டு பேராவது கூட்டமா நிண்டாத்தான் கலைக்கலாம். இப்ப ஒரு இன்ஸ்பெக்டர் எழுத்தில அனுமதி குடுத்தாக் காணும், தனிய நிக்கிற ஆளையும் போ எண்டு சொல்லலாம். இவ்வளவு அதிகாரத்தை ரோட்டில நிக்கிற ஒரு ஒஃபிசரின்ர கையில குடுத்தது எனக்குச் சரியாப் படேல்ல, அதாலதான் அதின்ர எல்லையை நாங்கள் தெரிஞ்சு வைச்சிருக்கோணும் எண்டு சொல்லுறன்.

எல்லை எண்டால் இதுதான். உங்கட மகன் அந்த இடத்தில நடந்துகொண்ட விதம் ஆக்களுக்குத் தொல்லையோ பயமோ குடுத்தது, இல்லாட்டி குற்றத்துக்கோ குழப்பத்துக்கோ காரணமாகப் பாக்குது எண்டு சந்தேகப்பட நியாயமான காரணம் இருக்கோணும், அதோட அவனை அனுப்பினாத்தான் அது குறையும் எண்ட தேவையும் இருக்கோணும். மூஞ்சையையும் ஹூடியையும் பாத்துக் கலைக்கேலாது. எந்த ஏரியா, எவ்வளவு நேரம் எண்டு தெளிவாச் சொல்லோணும், 2014ல அந்தச் சட்டம் வைச்ச ஆகக்கூடின நேரம் 48 மணித்தியாலம், ஏலுமானவரை எழுத்தில குடுக்கோணும். பேப்பரில ரோட்டுப் பேரோ மாப்போ இருக்கோ, நேரம் எழுதியிருக்கோ எண்டு பாருங்கோ, சும்மா "டவுன் சென்டர்" எண்டு மட்டும் கிறுக்கியிருந்தால் அதை ஒரு ஃபோட்டோ எடுத்து வையுங்கோ, பிறகு உதவும்.

தமிழ் வகுப்புக்கு வருவம். இருக்கிற வீடு, வேலையிடம், கோட்டு, வைத்தியம், படிப்பு, இதுகளுக்குப் போறதைத் தடுக்கிற மாதிரி உத்தரவு குடுக்க பொலிஸுக்கு உரிமை இல்லை. படிப்பு எண்டு சொல்லேக்க சட்டம் பள்ளிக்கூடத்தை மட்டும் சொல்லேல்ல, படிப்புக்கோ பயிற்சிக்கோ ஒரு ஆள் அந்த நேரத்தில வருவார் எண்டு எதிர்பார்க்கிற இடம் எண்டுதான் சொல்லுது, அதால பேர் பதிஞ்சு கிழமைக்குக் கிழமை போற சனிக்கிழமை வகுப்பும் அதுக்குள்ள வரும் எண்டதுதான் என்ர அபிப்பிராயம். ஆனா அந்த நேரத்துக்குத்தான், வகுப்பு முடிய சிக்கன் கடையில நிண்டால் பாதுகாப்பு இல்லை. எதுக்கும் அவசரமில்லாத விசயத்துக்கான பொலிஸ் நம்பர் 101க்கு அடிச்சு, பேப்பரில இருக்கிற ஒஃபிசர் நம்பரைச் சொல்லி, வகுப்பு நேரத்தை விட்டு உத்தரவை மாத்தித் தாங்கோ எண்டு கேளுங்கோ, மாத்தவும் வாபஸ் எடுக்கவும் அவைக்கு ஏலும். வகுப்பு டீச்சரிட்ட ஒரு ஈமெயில் வாங்கி மகன்ர ஃபோனில போட்டு, நீங்களே கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ. அம்மம்மா வீடு இந்தப் பட்டியல்ல இல்லை, அவன் அங்கயே குடியிருந்தால்தான் கணக்கு. கோயிலும் பேர் சொல்லி இல்லை. அதுகளுக்குப் போகோணும் எண்டால் மாத்தித் தரச்சொல்லிக் கேக்கிறதுதான் வழி, கேக்காமப் போகாதேங்கோ.

ஏன் இவ்வளவு கவனம் எண்டால், உத்தரவு கிடைச்சது குற்றம் இல்லை, நியாயமான காரணம் இல்லாமல் அதை மீறினால்தான் குற்றம். பெரிய ஆக்களுக்கு 2,500 பவுண்ஸ் வரை ஃபைன், இல்லாட்டி 3 மாசம் வரை ஜெயில், பொடியன் எண்டால் யூத் கோட். இப்போதைக்கு அவனுக்குத் தண்டனை எண்டு எந்தப் பதிவும் இல்லை, ஆனா ஆருக்கு, எப்ப, எந்த ஏரியாவுக்குக் குடுத்தது எண்டு பொலிஸ் தங்கட பக்கத்தில எழுதி வைக்கோணும். அந்தக் குறிப்பை நீங்கள் கேட்டு வாங்கலாம்.

எதிர்க்கிறது பற்றி. இதுக்கெண்டு தனி அப்பீல் இல்லை, 48 மணித்தியாலத்துக்குள்ள கோட்டுக்குப் போறதும் நடக்காத காரியம். அதால ரோட்டில நிண்டு வாதாட வேண்டாம், சொன்னபடி வெளிய வந்துட்டு பிறகு எழுத்தில முறைப்பாடு குடுங்கோ. ஒஃபிசரின்ர சட்டையில இருக்கிற கமெரா வீடியோவையும் உடன கேளுங்கோ, சாட்சிக்கு எண்டு ஒதுக்கி வைக்காத வீடியோவைக் கனநாள் வைச்சிருக்க மாட்டினம். கேஸ் எண்டு வந்தால் உத்தரவே பிழை எண்டு அங்க வாதாடலாம், அதுக்கு கிரிமினல் பாக்கிற சொலிசிட்டர் வேணும், வீடு வாங்கேக்க பாத்த சொலிசிட்டர் சரிவராது.

கனபேர் மாட்டுறது இன்னொண்டில. ரோட்டில பேர் சொல்லத் தேவையில்லை எண்டு பொடியங்கள் டிக்டொக்கில பாத்துப்போட்டு நிப்பாங்கள். சாதாரணமா அது சரிதான், ஆனா சமூக விரோதமா நடந்தாய் எண்டு நம்பக் காரணம் இருந்து யூனிஃபோம் போட்ட ஒஃபிசர் பேரும் அட்ரஸும் கேட்டால், 2002 பொலிஸ் சீர்திருத்தச் சட்டத்தில செக்ஷன் 50ன்படி சொல்லத்தான் வேணும், சொல்லாட்டி அதுவே தனிக் குற்றம்.

உத்தரவு குடுக்கேக்க ஸ்பீக்கர், ஸ்கூட்டர் எண்டு ஏதும் பொலிஸ் பறிச்சு வைச்சிருந்தால் தடை நேரம் முடிஞ்ச பிறகு போய் எடுக்கலாம், 28 நாளுக்குள்ள கேக்காட்டி அழிச்சுப்போடவும் ஏலும். 16 வயசுக்குக் கீழ எண்டபடியால் தனிய அனுப்பினால் குடுக்காமல் விடலாம், நீங்களும் கூடப் போங்கோ.