பல்லில்லாத புலியா?

அன்புள்ள ஐயா,
முதுகலையில் பன்னாட்டு உறவுகள் படிக்கிறேன். வல்லரசு ஒன்று வேண்டாம் என்றால் பாதுகாப்பு அவையில் எதுவும் நடப்பதில்லை. ஐ.நா. பல்லில்லாத புலி என்றால், சாசனங்களையும் தீர்மானங்களையும் படித்து என்ன பயன்? இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமா?
ஒரு மாணவர்

அன்புள்ள தம்பிக்கு,

வேலையைப் பற்றி உங்கள் பேராசிரியர்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். வீட்டோ என்னும் அந்தத் தடுப்பு அதிகாரத்தைப் பற்றித் தனியே எழுத வேண்டும். என்னை உறுத்தியது அந்தப் ‘பல்லில்லாத புலி’தான். ஐ.நா.வுக்கு முன்னோடியாக ஜெனீவாவில் இயங்கிய பன்னாட்டுச் சங்கத்தைப் (League of Nations) பற்றி, ‘பன்னாட்டுச் சங்கம் தோற்றது’ என்ற ஒற்றை வரியை உங்கள் வயதில் நானும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினேன். எத்தியோப்பியாவின் கதையைப் பல ஆண்டுகள் கழித்து விரிவாகப் படித்தபோதுதான், அந்த வரி எத்தனை பேரைத் தப்பவிடுகிறது என்று புரிந்தது. சென்ற வாரமும் அதையே படித்துக்கொண்டிருந்தேன்.

1935 அக்டோபரில் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியின் படை, சங்கத்தின் உறுப்பு நாடான எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது. இத்தாலி தன் சாசனத்தை மீறிவிட்டது என்று சங்கம் சில நாட்களிலேயே அறிவித்தது. நவம்பரில் பொருளாதாரத் தடையும் வந்தது. அந்தத் தடைப் பட்டியலைப் பாருங்கள். ரப்பர் இருந்தது, வெள்ளீயம் இருந்தது. டாங்கியையும் விமானத்தையும் ஓட்டும் எண்ணெய் இல்லை. பிரிட்டிஷ் படைகள் காவலிருந்த சூயஸ் கால்வாய் வழியாகவே இத்தாலியின் துருப்புகள் போய்ச் சேர்ந்தன. எண்ணெயை விட்டுவைத்ததும் கால்வாயை மூடாமல் இருந்ததும் ஜெனீவாவில் இருந்த சங்கக் கட்டடமா? இத்தாலியைப் பகைத்துக்கொண்டால் அது ஹிட்லரோடு சேர்ந்துவிடும் என்று லண்டனிலும் பாரிஸிலும் அமர்ந்து கணக்குப் போட்ட மனிதர்கள் அல்லவா? புலிக்குப் பல் இல்லை என்று எழுதும்போது, பல்லைப் பிடுங்கியவர்களின் பெயரை நீங்கள் அழித்துவிடுகிறீர்கள். அரசறிவியல் படிக்கும் ஒருவர் இவ்வளவு சோம்பலாக எழுதக் கூடாது.

சாசனத்தால் பயனில்லை என்பதையும் நான் ஏற்கமாட்டேன். அந்த டிசம்பரில் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் ஹோரும் பிரான்ஸின் பிரதமர் லவாலும் எத்தியோப்பியாவின் பெரும்பகுதியை இத்தாலிக்கு விட்டுக்கொடுக்க இரகசியமாகத் திட்டம் வகுத்தார்கள். பாரிஸ் செய்தித்தாள்களில் அது கசிந்ததும் பிரிட்டனில் எழுந்த கொந்தளிப்பில் ஹோர் பதவி விலகினார். ஆப்பிரிக்க நிலத்தைப் பங்கு போடுவது, 1884-85இல் பெர்லினில் வெளிப்படையாக மாநாடு கூட்டி ஐரோப்பிய அரசுகள் விதி வகுத்துக்கொண்ட காரியம். அதையே ஒளித்துச் செய்யவேண்டிய வெட்கக்கேடாக மாற்றியதில் அந்தச் சாசனத்துக்குப் பங்குண்டு.

அது எத்தியோப்பியாவைக் காப்பாற்றவில்லை. 1936 மே மாதம் அதன் தலைநகர் அடிஸ் அபாபா வீழ்ந்தது. ஜூன் 30 அன்று எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி ஜெனீவாவில் சங்கத்தின் முன் பேச எழுந்தபோது இத்தாலியப் பத்திரிகையாளர்கள் சீழ்க்கையடித்தார்கள். கூச்சல் அடங்கும்வரை நின்றிருந்து, அம்ஹாரிக் மொழியில் பேசி, என் மக்களுக்கு என்ன பதிலைக் கொண்டுபோவது என்று கேட்டு முடித்தார். ஜூலையில் தடை நீக்கப்பட்டது. அந்த உரையைத் தேடிப் படியுங்கள், தம்பி. அந்தக் கேள்வியை அவர் யாரைப் பார்த்துக் கேட்டார் என்று எனக்கு எழுதுங்கள்.