மூன்று வாரத்தில் கண்ணாடி பவர் மாறினால்

கேள்வி: எனக்கு வயது 52, ஒன்பது வருடமாகச் சர்க்கரை. இரண்டு மாதம் முன்பு இன்சுலின் ஆரம்பித்தார்கள். அதிலிருந்து கிட்டத்து எழுத்து மங்குகிறது. கடையில் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள், மூன்றே வாரத்தில் அதுவும் ஒத்துவரவில்லை. விழித்திரை கெட்டுவிட்டதா?

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் லென்ஸ் செய்யும் வேலை. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் நீர் கூடிக் குறைந்து அதன் வடிவம் மாறும், பவரும் கூடவே மாறும். அந்த நேரத்தில் கண்ணாடி போடுவது வீங்கிய காலுக்குச் செருப்பு அளவெடுக்கிற கதைதான். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்து நான்கு முதல் ஆறு வாரம் போகட்டும், அப்புறம் பவர் பாருங்கள். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார், சொன்னால் ஒரு கண்ணாடி விற்காதே!

விழித்திரை வேறு விஷயம். அங்குள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் சர்க்கரையால் பலவீனமாகிப் புடைத்துக் கசியும், ஆனால் கசிவு நடுப்பகுதிக்கு வரும்வரை உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. ஒருவர் என் முன்னால் கடைசி வரிவரை தடுமாறாமல் வாசித்தார், கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டு உள்ளே பார்த்தால் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். கடையில் தாடையை வைத்ததும் தூரத்தில் ஒரு பலூன் தெரியுமே, அந்த மெஷின் பவரை மட்டும்தான் அளக்கும். விழித்திரை நன்றாக இருக்கிறதா என்று அதனால் சொல்ல முடியாது. 'இலவசக் கம்ப்யூட்டர் சோதனை, கண் நார்மல்' என்று சீட்டு கொடுத்தால் நம்பி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். 'புரை கரையும், நரம்பு பலப்படும்' என்று விற்கிற சொட்டு மருந்துகளும் வேண்டாம்.

ஒன்பது வருடமாக ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்திருப்பார்கள். சொட்டு விட்டு விழித்திரை பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுத மட்டும் யாருக்கும் கை வராது. 'கண்ணையும் பார்த்துக்குங்க' என்று வாயால் சொல்வதோடு சரி. இரண்டாம் வகைச் சர்க்கரை என்றால் கண்டுபிடித்த உடனே ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்று. நீண்ட நாள் உயரத்திலேயே இருந்த சர்க்கரை இன்சுலினால் வேகமாக இறங்கும்போது, ஏற்கெனவே விழித்திரையில் பாதிப்பு உள்ள சிலருக்கு அது கொஞ்ச காலம் மோசமாகலாம். இதைக் கேட்டு ஊசியை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் கெடுவதும் கண்தான். நீண்ட காலத்தில் சர்க்கரை இறங்கியிருப்பதுதான் விழித்திரைக்கு நல்லது. இறக்கும் முன்பே கண்ணைப் பார்த்திருக்க வேண்டும், உங்களுக்கு அதைச் செய்யவில்லை என்று நினைக்கிறேன். அதனால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விடாமல் இந்த வாரமே போங்கள், எதுவும் தெரிந்தால் சில மாத இடைவெளியில் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். விழித்திரைப் பாதிப்புக்கு லேசர் போட்டால் பார்வை போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். லேசர் இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான். போனதை மீட்டுத் தரும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

சொட்டு விட்டால் சில மணி நேரம் மங்கும், கூசும். வண்டி ஓட்டாமல் துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ திரை விழுந்தது போல இருந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

பழைய கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சர்க்கரை நிலைத்ததும் பலருக்கு அதே பவர் திரும்பி வருகிறது.