கேரவன் இழுக்க எந்த சைடு மிரர்? யீஷூன் தம்பிக்கு பதில்

சிங்கப்பூர் யீஷூன்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, என் மச்சான் பெர்த்ல இருக்காரு, டொயோட்டா பிராடோ 150 ஜீப் வச்சிருக்காரு, இப்ப புதுசா ஒரு கேரவன், அதான் வண்டிக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டு போற சக்கர வீடு, வாங்கியிருக்காரு. டிசம்பர் ஸ்கூல் லீவுல ரெண்டு குடும்பமும் வடக்க எக்ஸ்மவுத் ஊர் வரைக்கும் போறோம், பாதி தூரம் நான்தான் ஓட்டணும். வண்டியோட மிரர்ல பின்னாடி ஒண்ணும் தெரியல, வரும்போது கேரவன் இழுக்கும்போது மாட்டுற நல்ல டோயிங் மிரர் ஒரு ஜோடி வாங்கிட்டு வாங்கன்னு சொல்றாரு. ஆன்லைன்ல இருபது வெள்ளிக்கும் இருக்கு, ஆயிரம் வெள்ளிக்கும் இருக்கு. எத வாங்குறது?"

தம்பி, முதல்ல ஒண்ணு, இங்க வாங்காதீங்க. காரணத்த பின்னாடி சொல்றேன். அதுக்கு முன்னாடி மச்சானுக்கு ஒரு மெசேஜ் போட்டு டேப்ப வச்சு கேரவனோட வெளி அகலத்த அளக்கச் சொல்லுங்க, மிரர் விஷயத்துல முக்கால்வாசி முடிவு அந்த ஒரு நம்பர்லயே இருக்கு.

பிராடோ 150 பாடி அகலம் 1,885 மில்லிமீட்டர். ஆஸ்திரேலியாவுல கேரவன் 2.5 மீட்டர் வரைக்கும் இருக்கலாம், பெரிய ஃபேமிலி கேரவன் எல்லாம் அதுக்கு ஒரு விரக்கடை கம்மியா வந்து நிக்கும். இப்ப உங்க மச்சானோடது 2,450ன்னு வச்சுக்குவோம், அப்ப ஒவ்வொரு பக்கமும் கேரவன் வண்டிய விட 28 சென்டிமீட்டர் வெளிய தள்ளிட்டு நிக்குது. மிரர் கண்ணாடி அந்த 28ஐ தாண்டி வெளிய இல்லன்னா கேரவனோட முன் மூலையே பின்னாடி இருக்குறத மறைச்சிரும், தூரத்துல பக்கத்து லேன்ல வர்ற வண்டி தெரியும், ஆனா கேரவன ஒட்டி பின்சக்கரம் பக்கத்துல வந்துட்டவன் சுத்தமா தெரிய மாட்டான். பெரிய கண்ணாடி போட்டா சரியாயிடும்னு நெனச்சு பலபேரு காச விடுறாங்க. கண்ணாடி எவ்ளோ பெருசுங்கிறது அடுத்த கேள்விதான், எவ்ளோ வெளிய வருதுங்கிறதத்தான் மொதல்ல பாக்கணும். நடு மிரர பத்தி பேசவே வேணாம், அதுல கேரவனோட முன் ஜன்னல் மட்டும்தான் தெரியும்.

வெளிய வரணும்னா எவ்ளோ வேணா வரலாமான்னா அதுவும் இல்ல. அங்க வண்டி வடிவமைப்பு விதிகள்ல ஏடிஆர் 14னு மிரருக்கே தனி ரூல் இருக்கு, வண்டி இல்லன்னா அது இழுக்குற டிரெய்லர், அதோட அகலத்த தாண்டி ஒரு பக்கத்துக்கு 150 மில்லிமீட்டர் வரை மிரர் நீட்டலாம், இடிச்சா மடங்குற டைப்பா இருந்தா 230. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா கேரவன கழட்டி கேம்ப்ல விட்டுட்டு பீச்சுக்கு பிராடோவ மட்டும் எடுத்துட்டு போறீங்கன்னு வைங்க, அப்ப கணக்கு வண்டியோட அகலத்துல இருந்துதான், அதனால நீட்டின மிரர உள்ள தள்ளணும் இல்லன்னா கழட்டி வைக்கணும்.

சரி, டைப்புக்கு வருவோம். ஒண்ணு கிளிப் ஆன், வண்டியோட மிரர் கூடு மேலயே ரப்பர் ஸ்டிராப்போ கிளாம்போ போட்டு மாட்டுறது, ஜோடி நூறு ஆஸ்திரேலிய டாலர் சுத்துவட்டாரத்துல கிடைக்கும். பிரிட்டன் கம்பெனி மிலென்கோவோடது இதுல பேர் வாங்குனது. இன்னொண்ணு முழுசா மாத்துறது, கதவுல இருக்குற மிரரயே கழட்டிட்டு அந்த போல்ட் ஓட்டையிலயே புதுசு உக்காரும், தேவைப்படும்போது கையால இழுத்தா வெளிய நீளும், வேணாம்னா உள்ள தள்ளிக்கலாம். கிளியர்வியூ, எம்எஸ்ஏ ஃபோர் பை ஃபோர் ரெண்டும் ஆஸ்திரேலியாவுல நிறைய ஓடுது. விலை சில நூறு டாலர்ல ஆரம்பிச்சு, பவர் ஃபோல்டு, ஹீட்டர், இண்டிகேட்டர்னு சேரச் சேர ஆயிரத்த தாண்டும். கதவு கண்ணாடியில சக்‌ஷன் கப் வச்சு ஒட்டுற டைப்பும் ஒண்ணு இருக்கு, அந்த ஊர் வெயிலுக்கு அது வேணாம், விட்டுருங்க.

ரெண்டுல எதுன்னு முடிவு பண்றது ஆட்டத்த வச்சுத்தான். கடையில நிக்கும்போது எல்லா மிரரும் நல்லாத்தான் தெரியும், நூறு கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிக்கும்போது கை நீளமா இருக்குற மிரர் லேசா நடுங்க ஆரம்பிக்கும், அந்த நடுக்கத்துல பின்னாடி வர்ற வண்டி வெறும் வெள்ளை புள்ளியா கலங்கித் தெரியும், காரா லாரியான்னே சொல்ல முடியாது. டெஸ்ட் ரொம்ப சிம்பிள், ஹைவேல ஓடும்போது பக்கத்துல உக்காந்திருக்குறவர விட்டு பின்னாடி வர்ற காரோட நம்பர் பிளேட்ட மிரர்ல படிக்கச் சொல்லுங்க, எழுத்து திருப்பித்தான் தெரியும் ஆனா எழுத்தா தெரியணும், கலங்குன மாதிரி தெரிஞ்சா அந்த மிரர் எவ்ளோ பெருசா இருந்தும் பிரயோஜனம் இல்ல. இருபது வெள்ளி மிரர் எல்லாம் இங்கதான் மாட்டிக்கும். அப்புறம் மண் ரோட்டுல அலை அலையா மேடு பள்ளம் இருக்கும் பாருங்க, அதுல கொஞ்ச தூரம் போனாலே கிளிப் ஆன் ஸ்டிராப் தளர்ந்து கண்ணாடி தலைய தொங்க போட்டுக்கும், வண்டிய நிறுத்தி நிறுத்தி சரி பண்ணணும். ஸ்டிராப்புக்கு அடியில தூசி பூந்து பெயிண்டையும் தேய்ச்சிரும்.

உங்க ரூட்டு பெர்த்துல இருந்து எக்ஸ்மவுத் ஏறக்குறைய 1,250 கிலோமீட்டர், முழுக்க தார் ரோடு. அதனால இந்த ஒரு டிரிப்புக்கு மட்டும்னா நல்ல கிளிப் ஆன் போதும், நான் கூடுதலா செலவு பண்ணச் சொல்ல மாட்டேன். ஆனா மச்சான் கேரவன் வாங்கிட்டாரே, சும்மா நிறுத்தி வைக்கவா வாங்குனாரு, மாசத்துக்கு ஒருக்கா இழுப்பாரு, மண் ரோட்டுலயும் ஏத்துவாரு. அவர் காசுல அவர் வண்டிக்கு முழுசா மாத்திக்கிறதுதான் நியாயம். மாத்தும்போது ஒண்ண கட்டாயம் பாக்கச் சொல்லுங்க, பிராடோ டாப் மாடல்கள்ல மிரருக்கு அடியில 360 கேமராவும் கண்ணாடியில, மறைவுல வண்டி வந்தா எரியுற பிளைண்ட் ஸ்பாட் லைட்டும் இருக்கும், புது மிரர்ல அதுக்கு இடம் இருக்கான்னு கேட்டுத்தான் ஆர்டர் போடணும், இல்லன்னா டேஷ்போர்டுல வார்னிங் லைட்டோட சுத்த வேண்டியதுதான்.

இங்க வாங்காதீங்கன்னு சொன்னதுக்கும் இதுதான் காரணம். முழு மிரர் ஒவ்வொரு மாடலுக்கும் வருஷத்துக்கும் ஏத்த மாதிரி தனித்தனி கிட், பொருந்தலன்னா பெர்த்துல இருந்துகிட்டு சிங்கப்பூர் கடைக்கு திருப்பி அனுப்பிக்கிட்டு இருக்க முடியுமா? அங்க வாங்குனா வாரன்டியும் அங்கயே. லக்கேஜ் வெயிட்ட மிளகாத்தூளுக்கும் முறுக்குக்கும் வச்சுக்குங்க, மச்சான் வீட்டுல அதுக்குத்தான் மதிப்பு.

கண்ணாடி பத்தி. நல்ல டோயிங் மிரர்ல ரெண்டு துண்டு இருக்கும், மேல பெருசா ஃப்ளாட், கீழ சின்னதா கான்வெக்ஸ். நம்ம மல்ட்டி ஸ்டோரி கார்பார்க் வளைவுல மாட்டியிருக்குற உருண்டை கண்ணாடி மாதிரிதான் கான்வெக்ஸ், நிறைய இடத்த காட்டும், ஆனா எல்லாத்தையும் சின்னதாக்கி தூரத்துல இருக்குற மாதிரி காட்டும். ஓவர்டேக் பண்ண வர்றவன் எவ்ளோ கிட்ட இருக்கான்னு ஃப்ளாட்ல பாருங்க, கேரவன் சக்கரம் கோட்டுக்குள்ள இருக்கா, டயர்ல புகை வருதா இதெல்லாம் கான்வெக்ஸ்ல பாருங்க. அங்கயும் நம்ம மாதிரி வலது பக்க ஸ்டியரிங்தான், அதனால வலது மிரர் கண்ணுக்கு கிட்ட, இடது மிரர் அதவிட ரொம்ப தள்ளி, அதே சைஸ் கண்ணாடி தள்ளி இருந்தா காட்டுற அகலம் கம்மி. செலவ கொறைக்கணும்னு வலது பக்கம் மட்டும் மாட்டுறவங்கள பாத்திருக்கேன், எனக்கு கேட்டா இடது பக்கத்துக்குத்தான் உதவி அதிகமா தேவை.

செட் பண்றது கேரவன மாட்டின பிறகு, நேரான ரோட்டுல, ஓட்டுறவரு சீட்டுல சரியா உக்காந்துகிட்டு. ஃப்ளாட் கண்ணாடியோட உள் ஓரத்துல கேரவன் சுவர் ஒரு கோடு மாதிரி தெரிஞ்சா போதும், மிச்சமெல்லாம் ரோடா இருக்கணும். அப்புறம் மச்சான டிரைவர் சீட்டுல இருந்து 20 மீட்டர் பின்னாடி, கேரவன் சுவர்ல இருந்து 4 மீட்டர் வெளிய போய் நிக்கச் சொல்லுங்க, அங்க இருந்து கேரவன நோக்கி மெதுவா நடந்து வரட்டும், வழி முழுக்க அவர் மிரர்ல தெரியணும். இது பிரிட்டன்ல கேரவன்காரங்களுக்கு சொல்ற அளவு, எங்க வேணா பயன்படுத்தலாம். ரெண்டு பக்கமும் செய்யுங்க. நீங்களும் மச்சானும் மாத்தி மாத்தி ஓட்டுனா ஒவ்வொரு தடவையும் மிரர் திருப்பணும், கிளிப் ஆன்னா இறங்கித்தான் திருப்பணும், சோம்பேறித்தனம் பாக்காதீங்க. பின்னாடி கேமரா இருக்கேன்னு மச்சான் சொல்லுவாரு, இருக்கட்டும், ரிவர்ஸ்க்கு நல்லது, மிரருக்கு பதிலா ஆகாது.

இவ்ளோ மெனக்கெடுறது எதுக்குன்னா ரோட் டிரெயின், அதாவது பல டிரெய்லர கோத்து இழுக்குற நீள லாரி. மேற்கு ஆஸ்திரேலியாவுல இழுத்துட்டு போறவங்களுக்கு உச்ச வேகம் 100, நிறைய பேர் 90லயே போவாங்க, பின்னாடி லாரி வந்து நிக்கும், வடக்க போகப் போக 53.5 மீட்டர் நீளம் வரைக்கும் இருக்குற லாரிங்க. அது பக்கத்துல வரும்போது காத்து கேரவன ஒரு தள்ளு தள்ளி அப்புறம் உள்ள இழுக்கும். நல்ல மிரர் இருந்தா தூரத்துலயே பாத்துட்டு ஸ்டியரிங்க கெட்டியா புடிச்சு உங்க லேன்லயே நேரா போய்கிட்டு இருக்கலாம், பிரேக்க மிதிக்காதீங்க, அவன் முழுசா தாண்டி முன்னாடி வர்ற வரைக்கும் வேகத்தையும் ஏத்தாதீங்க. வண்டிக்கு வண்டி பேசுற யூஎச்எஃப் ரேடியோ இருந்தா சேனல் 40ல லாரிக்காரங்க பேசுவாங்க, போட்டு வைங்க.

இத பாத்துட்டு இங்க இருக்குற உங்க வண்டிக்கும் ஒரு செட் போடலாமான்னு தோணும், தோணாம இருக்காது. நம்ம போக்குவரத்து ஆணையம் எல்டிஏ வண்டி மாடிஃபிகேஷன்கள மூணா பிரிச்சு வச்சிருக்கு, அனுமதி தேவையில்லாதது, அனுமதி வாங்க வேண்டியது, கூடவே கூடாதது, அதனால அவங்க ஒன்மோட்டரிங் வெப்சைட்ல பாத்துட்டுத்தான் கை வைக்கணும். அது ஓகேன்னாலும் கார்பார்க் லாட் அகலம் 2.4 மீட்டர்தான், டிரெய்லர் எதுவும் இழுக்காதவருக்கு அவ்ளோ பெரிய காது எதுக்கு?

மச்சான்கிட்ட கேரவன் வெளி அகலம், பிராடோ எந்த வருஷம், மிரருக்கு அடியில கேமரா இருக்கா, இந்த மூணயும் கேட்டு எழுதுங்க, எந்த கிட்டுன்னு சொல்லிடுறேன். ஆர்டர் போட்டு வந்து சேரவும் நாள் ஆகும், நவம்பர் வரைக்கும் இழுக்காதீங்க.