பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும், அண்ணாச்சி

சாத்தூரிலிருந்து அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். பி.எஸ்சி. வேதியியல் முடித்த பெண், எழுத வேண்டும் என்கிறாள். சென்னையில் இருக்கும் தாய்மாமன், "எழுதணும்னா மாஸ் கம்யூனிகேஷன் படிக்கணும், தனியார் பல்கலைக்கழகத்துல சீட் வாங்கித் தர்றேன்" என்றிருக்கிறார். விடுதியோடு ரெண்டு வருஷத்துக்கு ஆறு லட்சம். அப்பா மஞ்சப்பையில் வீட்டுப் பத்திரத்தையே கொண்டுவந்துவிட்டார். "பிள்ளை ஆசைப்படுதே சார்" என்றபோது ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தேன். பையைப் பார்த்ததும் மனசு மாறிவிட்டது.

அண்ணாச்சி, கட்டுரை வாங்கும் ஆசிரியர் பட்டச் சான்றிதழைப் பார்ப்பதில்லை, கட்டுரையைத்தான் பார்ப்பார். கேமரா, எடிட்டிங், டிவி என்று போகிறவர்களுக்கு அந்தப் படிப்பு உதவும். உங்கள் மகளோ கேமரா முன்னால் நிற்கவே மாட்டேன் என்கிறாள். அவளை டிவி ஆங்கர் ஆக்கும் ஆசை மாமாவுடையது. அதற்கு உங்கள் வீட்டை அடகு வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

மாணவப் பத்திரிகையாளர் திட்டம், நிருபர் வேலை எல்லாம் ஊரறிந்த வழி, விட்டுவிடுகிறேன். ஊரில் இருந்துகொண்டே இதழ்களுக்கு வெளியிலிருந்து எழுதிக் கொடுப்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. நாளிதழ் இணைப்புகள், வேளாண் இதழ்கள், சிறுவர் பக்கங்கள் என்று வாரந்தோறும் நிரப்ப வேண்டிய இடம் இருக்கிறது.

அந்தப் பெண் ஒரு நோட்டைக் காட்டினாள். சாத்தூர் என்றால் சேவும் வெள்ளரியும் எல்லோருக்கும் தெரியும். பேனா நிப்புக்கும் ஒரு காலத்தில் பேர்போன ஊர் அது. பால்பாயிண்ட் பேனா வந்ததும் தொழில் படுத்துவிட்டது. பழைய பட்டறைக்காரர்கள் மூன்று பேரைத் தேடிப் போய்ப் பேசியிருக்கிறாள். கைப்பிரஸ்ஸில் தகடு தள்ளித் தள்ளி ஒரு தாத்தாவின் கட்டைவிரல் நகம் பாதியாகத் தேய்ந்திருப்பதைக்கூட எழுதியிருக்கிறாள். இதை எந்த வகுப்பில் கற்றுக்கொடுப்பார்கள்?

அவளுக்குச் சொன்னது இதுதான். எந்த இதழுக்கு அனுப்பப் போகிறாயோ, முதலில் நூலகத்தில் உட்கார்ந்து அதன் கடைசி எட்டு இதழ்களைப் படி. எத்தனை சொல், எத்தனை படம், வெளியாட்கள் பெயரில் கட்டுரை வருகிறதா என்று பார். கதை, கவிதை என்றால் முழுசாக அனுப்பலாம். கட்டுரைக்கு முதலில் யோசனை மட்டும், ஆறே வரியில், அந்தப் பக்கத்தின் பொறுப்பாசிரியருக்கு. "சிறுவயது முதலே எனக்கு எழுத்தார்வம்" என்று தொடங்காதே. மின்னஞ்சலின் தலைப்பே வேலையைச் செய்யட்டும்: 'சாத்தூர் நிப்புப் பட்டறைகள் – 700 சொல், 4 படம், சரஸ்வதி பூஜைக்கு'. கீழே யார் யாரைப் பார்த்தாய், எந்தத் தேதிக்குள் தருவாய், அவ்வளவுதான். தட்டச்சு யூனிகோடு எழுத்துருவில் இருக்கட்டும். இரண்டு வாரம் பொறு, ஒருமுறை நினைவூட்டு, பதில் இல்லையென்றால் அடுத்த இதழ். ஒரே கட்டுரையை இரண்டு இடத்துக்கு அனுப்பி இரண்டிலும் வந்துவிட்டால், இரண்டு கதவும் சாத்திக்கொள்ளும்.

சன்மானம் எவ்வளவு, எப்போது என்று எழுதுவதற்கு முன்பே கேட்க வேண்டும். கூச்சப்பட்டுக் கேட்காமல் ஒரு இதழுக்கு மூன்று கட்டுரை எழுதிக் கொடுத்து, ஒரு பைசா பார்க்காதவன் நான். பான் அட்டை கையில் இருக்கட்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இல்லாமல் வெளியிலிருந்து எழுதுகிறவருக்கே உரிமை. எழுத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அது கைமாறும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால், அப்படி எழுதிக் கொடுத்தது ஐந்து வருஷம்தான் செல்லும். 'முழு உரிமை' என்று நீட்டும் தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதே. நாளைக்கு அதையே புத்தகமாகப் போட வேண்டி வரலாம்.

இதை நம்பி அடுப்பு எரியுமா என்றால், முதல் இரண்டு வருஷம் எரியாது. அதை மறைத்துப் பேச மாட்டேன். பக்கத்திலேயே சிவகாசி இருக்கிறது. அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலை தேடச் சொல்லியிருக்கிறேன். பிழை பிடிக்கப் பழகும், சம்பளமும் வரும்.

ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் முதல் மின்னஞ்சல் போய்விட வேண்டும், பூஜை இதழுக்கு அதற்கு மேல் தாமதிக்கக் கூடாது. மாமாவிடம் பேசுவது மட்டும் உங்கள் வேலை, அண்ணாச்சி. மகளைப் பேச வைக்காதீர்கள்.